கரும்பொருள் பற்றி நான் கேட்ட கேள்வி

இயற்பியலில் ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்த முதல் வருடம் எனக்கு எல்லாமே அவர்தான். என் பேராசிரியரிடமே எனக்கு முன்பு சேர்ந்தவர், வில்லாபுரத்துக்காரர். கூடப்பிறந்தவர் யாரும் இல்லாத நான் அவரை வாய் நிறைய அண்ணே என்று கூப்பிட்டேன். ஆனையூரில் எங்கள் வீட்டுக்கு வந்தால், அம்மா கறிக்குழம்பில் நல்ல துண்டாகப் பார்த்து அவருக்கு வைப்பார்.

எங்கள் ஆராய்ச்சி கரும்பொருளைப் பற்றியது. பேரண்டத்தில் உள்ள பொருளில் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாதது. அதன் ஈர்ப்பைக் கொண்டுதான் அது இருப்பதே தெரிகிறது. நம் துகள்களோடு ஒட்டுறவே இல்லாத மறைந்த பகுதி ஒன்றில் அது இருக்கலாம் என்பது ஓர் ஊகம். அப்படியானால் கூடாமல் குறையாமல் இன்றுள்ள அளவு அதற்கு எப்படி வந்தது?

ஒரு ஞாயிறு காலை, துறையில் சிலராகச் சேர்ந்து கீழக்குயில்குடி போனோம். சமணர் மலையேறிக் களைத்துப் பாறை நிழலில் உட்கார்ந்தபோது அவர் எனக்கு விளக்கினார்.

"ஆரம்பத்துல பயங்கரச் சூடு. கரும்பொருள் துகள் ரெண்டு ரெண்டா மோதி அழிஞ்சுக்கிட்டே இருக்கும். அண்டம் விரிய விரிய ஒண்ணை ஒண்ணு பாக்கவே முடியாமப் போயிரும். அப்ப மிஞ்சினதுதான் இன்னைக்கும் கெடக்குது."

"சரிண்ணே. ஆனா நம்ம பக்கத்துச் சூட்டை வச்சுத்தான நீங்க கணக்குப் போடுறீங்க? நம்மளோட ஒட்டாதது நம்ம சூட்டுல ஏன் இருக்கணும்? மொதல்ல இருந்தே அது குளுந்து கெடந்திருந்தா?"

தண்ணீர் பாட்டிலைத் திறந்தவர் குடிக்காமல் வைத்திருந்தார்.

"அப்ப துகளே கம்மியாத்தான் இருக்கும். அம்புட்டு வேகமா அழியத் தேவையில்ல" என்று முணுமுணுத்தார். பிறகு என்னைப் பார்த்தார். "நல்லாக் கேட்ட ஆத்தா. ரெண்டு பேருமாச் சேர்ந்து போட்டுப் பாப்போம்."

குளிர்ந்த மறைபகுதியைப் பற்றி மற்றவர்கள் எழுதியிருந்தார்கள். ஆனால் நாங்கள் எடுத்துக்கொண்ட வகைத் துகளுக்கு யாரும் அந்தக் கணக்கைப் போட்டிருக்கவில்லை. முதல் சமன்பாடுகளை இருவரும் கரும்பலகையில் எழுதினோம். மீதிக் கணக்கை அவர் எடுத்துக்கொண்டு போனார். அப்புறம் எப்போது கேட்டாலும், "இன்னும் இழுக்குதுத்தா" என்பார். நம்பினேன்.

துறை செமினாரில்தான் பார்த்தேன். திரையில் கட்டுரையின் தலைப்பு. கீழே அவர் பெயர், பேராசிரியர் பெயர். மலையில் நான் கேட்ட அதே கேள்வியோடு அண்ணன் பேச்சைத் தொடங்கினார். கடைசித் திரையில், பயனுள்ள உரையாடல்களுக்காக நன்றி என்ற வரியில் என் பெயர் இருந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். என் கைகளும் தட்டின. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேலேயே கோபம் வருகிறது.

தாழ்வாரத்தில் மறித்துக் கேட்டேன். "என்னண்ணே இது?"

"கணக்குப் பூராம் நான்தானத்தா போட்டேன். நீ ஒரு கேள்விதான கேட்ட?"

"ரெண்டு பேருமாப் போடுவோம்னு சொன்னது நீங்கதானண்ணே?"

"சார்தான் ரெண்டு பேரு போதும்னாரு. நான் என்ன செய்ய?" என்று செல்போனை எடுத்துப் பார்த்துக்கொண்டே படியிறங்கினார்.

பேராசிரியரிடம் போனேன். "கேள்வி கேக்குறவங்க பேரெல்லாம் போட முடியுமாம்மா? அதான் நன்றி போட்டிருக்கோமே" என்றார். வேறு கைடு தேடிக்கொண்டேன். அந்த வருட உழைப்பு வீணானது. அம்மா மட்டும், "அந்தத் தம்பி ஏன் இப்பல்லாம் வர்றதில்ல?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். வேலையாக இருக்கிறார் என்றேன். பிறகு அவர் வெளிநாட்டுக்குப் போய்விட்டார்.

என்னால் அந்தக் கேள்வியை விட முடியவில்லை. நம் பகுதிக்கும் மறைந்த பகுதிக்கும் இடையே வெப்பம் துளித்துளியாகக் கசிந்தால் மிஞ்சும் அளவு எப்படி மாறும் என்று தனியாகக் கணக்குப் போட்டேன். கட்டுரை வெளியானது, பட்டமும் கிடைத்தது. ஆனால் அதை எழுதும்போது, மறைந்த பகுதி தொடக்கத்திலேயே குளிர்ந்திருந்தால் என்ற வரிக்கு ஆதாரம் காட்ட வேண்டியிருந்தது. அந்த வகைத் துகளுக்கு அச்சில் இருந்தது அவர் கட்டுரைதான். நான் கேட்ட கேள்விக்கு அவர் பெயரை என் கையாலேயே தட்டச்சு செய்தேன்.