பூட்டிய வீட்டின் மீட்டர்

எங்கே வேலைக்குப் போனாலும், தங்க இடம் கொடுத்தால் முதலில் எல்லா சுவிட்சையும் போட்டுப் பார்ப்பேன். மாமல்லபுரத்துக்கும் புதுப்பட்டினத்துக்கும் நடுவில், சவுக்குத் தோப்பைத் தாண்டி இருந்த அந்தக் கடலோர வீட்டுக்குக் காவல்காரனாகப் போன அன்றும் அப்படித்தான் செய்தேன். வீட்டுக்கார அம்மா நாவலூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்தார். வீடு பூட்டியே கிடக்கும், சாவி அவரிடம். எனக்குப் பின்பக்கம் ஒட்டிக் கட்டிய ஓர் அறை. ஒரு சுவிட்சைப் போட்டதும் பல்பு எரிந்தது. கதவோரம் இருந்த பழைய கறுப்பு சுவிட்சையும் போட்டேன். ஃபேன் இருக்குமோ என்று மேலே பார்த்தேன், இல்லை. பக்கத்து ஆணியில் சட்டையை மாட்டிவிட்டுப் படுத்துவிட்டேன்.

அதற்கு முந்தைய ஒரு வருடம் செங்கல்பட்டு ரயில் நிலையத்திலும், மறைமலைநகர் பக்கம் கட்டடம் கட்டும் இடங்களில் சிமெண்ட் மூட்டைகளுக்கு நடுவிலும் படுத்திருந்தேன். உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளும் கதவு ரொம்ப நாளைக்குப் பிறகு கிடைத்தது.

இரண்டு நாளில் ஒரு சத்தம் தெரிந்தது. வாயை மூடிக்கொண்டு யாரோ ஒரே சீராக முனகுவது போல இருக்கும். மதியம் சாப்பிட்டுவிட்டு வெறும் தரையில் படுத்துக் காதை வைத்தால் கேட்கும். எழுந்து நின்றால் கேட்காது, உள்ளங்காலில் மட்டும் மெல்ல அதிரும். கடல் என்று நினைத்தேன். ஆனால் கடல் நடுநடுவே மூச்சு வாங்கும். இது வாங்கவில்லை. மருந்துக்கடையில் காதுக்குச் சொட்டு மருந்து வாங்கிப் போட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. தனியாக இருக்கும் காவல்காரன் சத்தம் கேட்கிறது என்றால் வேறு ஆள் பார்ப்பார்கள்.

நாலு மாதம் கழித்து அந்த அம்மா போன் செய்தார்.

"அண்ணா, போன தடவையே கரண்ட் பில் அதிகம். நான் ஒண்ணும் கேக்கல. இப்பவும் அப்படியே வந்திருக்கு. நாலு ஏசி ஓடற வீட்டுக்குத்தான் இப்படி வரும். உள்ள யாரை விடறீங்க?"

"சாவி உங்ககிட்டதானேம்மா கீது. நா எப்டி வுடுவேன்?"

"முன்ன இருந்த வாட்ச்மேன் காலத்துல ஒரு தடவைகூட இப்படி வரலை. சனிக்கிழமை வரேன். மீட்டர் தப்புன்னு கரண்ட் ஆபீஸ்ல எழுதி வாங்கி வைங்க. இல்லேன்னா ரூமைக் காலி பண்ணிடுங்க."

மீட்டர் பெட்டி பக்கச் சுவரில் இருந்தது. உச்சி வெயிலில் போய்ப் பார்த்தேன். உள்ளே ஒரு சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. கரண்ட் செலவானால்தான் அது மினுக்கும். என் பல்பை அணைத்துவிட்டு வந்தேன். மினுக்கல் குறையவில்லை. ஜன்னலில் கையைக் குவித்து உள்ளே பார்த்தேன். சோபா மேல் போர்த்தியிருந்த வெள்ளைத் துணியில், யாரோ உட்கார்ந்து எழுந்தது போல ஒரு குழி. முன்பே இருந்ததா என்று எனக்குத் தெரியாது.

நான் ஆறாவது வரை படித்தவன். மனுவை நானே எழுதினேன். 'வீட்டில் யாரும் இல்லை. ஆனால் மீட்டர் ஓடுகிறது. வந்து பார்க்கவும்.' கரண்ட் ஆபீஸில் வாங்கியவர் படித்துவிட்டுச் சிரித்தார்.

"இன்னாய்யா, பேய்க் கதை எழுதி எடுத்துகினு வந்துகீற?"

இருந்தாலும் வெள்ளிக்கிழமை மதியம் லைன்மேனை அனுப்பிவைத்தார். வந்தவர் பாக்கு மென்றுகொண்டே மெயின் சுவிட்சை இறக்கினார்.

"இப்ப மொத்த வூடும் செத்துப்போச்சு. பாரு அண்ணாத்த."

சிவப்பு விளக்கு மினுக்கியது. அவர் மெல்லுவதை நிறுத்தினார்.

"வூட்ல ஆள் இல்ல, மெயினும் இல்ல. அப்ப யாரு துன்றது கரண்ட்ட?"

சத்தத்தைப் பற்றி அப்போதுதான் முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. என் அறைக்கு வந்து, செருப்பை வெளியே விட்டு, வெறுங்காலுடன் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு குப்புறப் படுத்துத் தரையில் காதை வைத்தார்.

"மோட்டரு," என்றார். "கீழ போர் கெணறு கீது. எவனோ அத மூடித் தரை போட்டு ரூம் கட்டிகீறான். பைப்பு உள்ளயே வுட்டுப்போயிருக்கும். தண்ணி ஏறுது, பாதிலயே கொட்டுது, மறுபடி ஏறுது."

தரையிலிருந்து கிளம்பிய ஒயர் ஒன்று சுண்ணாம்புக்கு அடியில் சுவரேறி, என் சட்டைக்குப் பின்னால் போனது. அவர் சட்டையை விலக்கினார். முதல் நாள் நான் போட்ட கறுப்பு சுவிட்ச், போட்டபடியே இருந்தது.

அணைத்தார். காலில் அதிர்வு நின்றது. நாலு மாதம் என் முதுகுக்கு அடியில் தண்ணீர் ஏறி ஏறி விழுந்துகொண்டிருந்திருக்கிறது.

மீட்டர் பெட்டிக்குப் போய், மெயினுக்கு முன்னாலேயே பிரிந்திருந்த அந்த ஒயரை அவர் கழற்றிப் போட்டார். "மீட்டரு மேல தப்பில்ல. அப்டி எழுதித் தர முடியாது. பழைய ஒயரு லீக்குன்னு அந்தம்மாகிட்ட சொல்லிக்க. நீ சுவிட்ச போட்டத சொன்னியானா, மூட்ட கட்ட வேண்டியதுதான்."

லீக் என்று சொன்னால் ஆள் வைத்துச் சுவரை உடைத்துத் தேடுவார்கள். சனிக்கிழமை அந்த அம்மா வந்ததும் உள்ளதைச் சொன்னேன். சுவிட்சைப் போட்டது நான்தான் என்றும் சொன்னேன். அவர் என் அறை நடுவில் நின்று தரையையே பார்த்தார்.

"இங்கயா? வீட்டை வாங்கும்போதே தரை இப்படித்தான் இருந்தது. யாரும் சொல்லலையே." இரண்டடி பின்னால் போய் வாசற்படியில் நின்றுகொண்டார். "சரி, பில்லை நான் கட்டிக்கறேன். நீங்க இருங்க."

பிறகு குரலைத் தாழ்த்தினார். "முன்ன இருந்தவரும் சத்தம் கேக்குதுன்னு சொல்லித்தான் வேலையை விட்டார். குடிச்சிட்டு உளறுறார்னு நினைச்சேன்."

"அவரு இருந்தப்ப பில்லு கம்மின்னீங்களேம்மா?"

"கம்மிதான்," என்றார்.

மோட்டார் ஓடியிருந்தால் பில் கம்மியாக வந்திருக்காது. அது இரண்டு பேருக்கும் தெரிந்தது. அவர் வீட்டைத் திறந்துகூடப் பார்க்காமல் காரில் ஏறினார்.

இரண்டு நாள் அறை அமைதியாக இருந்தது. அந்த அமைதியில் எனக்குத் தூக்கம் வரவில்லை. மூன்றாம் நாள் மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தேன். முனகல் கேட்டது. எழுந்து போய் மீட்டரைப் பார்த்தேன். சிவப்பு விளக்கு மினுக்கவில்லை. கழற்றிய ஒயர் தனியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. திரும்பி வந்து காதைத் தரையில் வைத்தேன். கேட்டுக்கொண்டேதான் இருந்தது.

இதற்கு யாரிடம் போய் மனுக் கொடுப்பது? கதவைத் தாழ்ப்பாள் போட்டேன். பாயை எதிர்ச்சுவர் ஓரமாக இழுத்துப் போட்டுப் படுத்துக்கொண்டேன்.