கௌரி இன்னும் தயாரில்லை என்றேன்

கம்பளித் துணி முப்பத்தெட்டுப் பாகை வெயிலில் வேர்வை குடித்தால் அதிலிருந்து ஒரு வாடை எழும். நனைந்த ஆட்டின் மணமும் முகத்தில் பூசிய சன்கிறீமின் மணமும் கலந்த வாடை. பதின்மூன்று வயதில் சிவப்புக் கட்டம் போட்ட அந்தப் பாவாடையை முதன்முதலாகக் கட்டி, இடுப்பில் டிரம்மைக் கொழுவிக்கொண்டு பிளாக்டவுன் தெருவொன்றில் நான் நடந்தபோது, தெருவோரம் நின்ற சனம் கைதட்டியதைவிட அந்த வாடைதான் இன்றைக்கும் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது.

பென்டில் ஹில் ரயில் நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடையில் இருந்த பழைய பலகை மண்டபமொன்றில் சனிக்கிழமை பின்னேரங்களில் கூடும் ஸ்கொட்லாந்துப் பாணி பாக்பைப் குழு அது. ஊதுகிறவர்கள் முன்னால் போக, டிரம் அடிக்கிறவர்கள் பின்னால் தனி அணியாக நடப்பார்கள். அந்த அணிக்கு 'டிரம் கோர்' என்று பெயர். நாலு சைட் டிரம், இரண்டு டெனர், ஒரு பெரிய பேஸ் டிரம். வகுப்புத் தோழி ஒருத்தி கூப்பிட்டுத்தான் நான் போனேன். டூங்கபியிலிருந்த எங்கள் வீட்டில் இதற்குப் பெரிய எதிர்ப்பு இருக்கவில்லை. பஸ் ஓட்டுநரான அப்பா, "பிள்ளை நேராய் நடக்கப் பழகினாலே காணும்" என்றார். அம்மாவோ, "ஆம்பிளையளும் பாவாடை கட்டுற கூட்டம்" என்று குழுவுக்கு ஒரு பெயரே வைத்துவிட்டார்.

என்னைவிட மூன்று வயது இளையவளான தங்கச்சி கௌரி அங்கே வந்தது சங்கீத ஆசையால் அல்ல. சனிக்கிழமைகளில் அம்மாவுக்கு முதியோர் இல்லத்தில் வேலை, அப்பாவுக்கும் வேலை. "தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு போ, தனிய விட ஏலாது" என்பது அம்மாவின் கட்டளை. அவள் மண்டபத்தின் பின்பக்கம் ஒரு பிளாஸ்ரிக் கதிரையில் இருந்து, முதலில் படம் கீறினாள். பிறகு பக்கத்துக் கதிரையில் விரல்களால் தட்டத் தொடங்கினாள். இரண்டு மாதம் கழித்து, எங்கள் டிரம் அணியின் தலைவியான ஹெலன், விலங்கு மருத்துவமனையொன்றில் தாதியாக இருந்த, அதிகம் பேசாத பெண், அந்தக் கதிரையின் முன் குந்தியிருந்து சற்று நேரம் கேட்டுவிட்டு, இரண்டு குச்சிகளையும் ஒரு ரப்பர் தட்டையும் கொண்டுவந்து அவள் மடியில் வைத்தார்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அமைதி இல்லை. குசினி மேசை, செற்றியின் கை, காரின் பின் இருக்கை, கௌரியின் சொந்தத் தொடை என்று எல்லாம் டிரம் ஆகின. "இந்த வீட்டில அடி வாங்காத கதிரை ஒண்டாவது மிச்சம் இருக்கோ?" என்று அம்மா கத்துவார், கத்திவிட்டுச் சிரிப்பார். ஒரு வருடத்துக்குள் நான் வாசித்த பகுதிகள் எல்லாவற்றையும் அவள் பாராமலே வாசித்தாள். 'ரோல்' என்று ஒன்று உண்டு. இரண்டு குச்சிகளின் அடியும் தனித்தனியே கேட்காமல் ஒரே இழையாக உருள வேண்டும். என்னுடைய ரோல் உழுந்தைத் தகரப் பேணிக்குள் கொட்டுவதுபோல இருக்கும். அவளுடையது புதுச் சீலை கிழிவதுபோல ஒரே சீராக இருக்கும். ஒரு சனிக்கிழமை ஹெலன் எங்கள் எல்லோரையும் நிறுத்தி, கௌரியை மட்டும் வாசிக்கச் சொன்னார். முடிந்ததும், "கேட்டீர்களா? இதுதான் வேண்டும்" என்றார். யாரையும் குறித்துச் சொல்லவில்லை. ஆனால் எனக்குப் பதினைந்து வயது. எல்லோரும் என்னைத்தான் பார்க்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. வீட்டுக்கு வரும் வழி முழுவதும் நான் அவளோடு கதைக்கவில்லை. அவள் ஏன் என்றும் கேட்கவில்லை. என் பையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தாள்.

அந்த வருடம் எங்கள் சைட் டிரம் நால்வரில் ஒருவன் பல்கலைக்கழகத்துக்காக வேறு மாநிலத்துக்குப் போனான். ஏப்ரல் விடுமுறையில், பஸ்ஸில் ஆறு மணித்தியாலம் போகவேண்டிய ஒரு நாட்டுப்புற நகரத்தில் மூன்று நாள் போட்டி இருந்தது. காலியான இடத்துக்குப் பழகுநர் குழுவில் தகுதியானவள் கௌரி மட்டுந்தான். ஆனால் அவளுக்குப் பன்னிரண்டு வயது. டிரம் கோரில் சேர்வதற்குக் கை மட்டும் போதாது என்று ஹெலன் எப்போதும் சொல்வார்: பாரத்தைச் சுமந்து நடக்க வேண்டும், வெயிலில் நிற்க வேண்டும், ஏதாவது பிழைத்துப்போனால் கலங்காமல் முடிக்க வேண்டும். அதைப் பார்ப்பதற்காக, போட்டிக்கு மூன்று கிழமைக்கு முன், ஒரு கடைத்தொகுதியின் முன்னால் நடந்த சிறிய அணிவகுப்பில் கௌரியையும் எங்களோடு நிறுத்தினார்கள். அன்றைக்கு ஹெலனுக்கு வேலை, அவர் வரவில்லை.

வரிசையின் கடைசி ஆள் கௌரி. அவளுக்குப் பக்கத்தில் நான். இரண்டாவது பாட்டின் நடுவில் அவளுடைய குச்சி தெறித்து வீதியில் விழுந்தது. திரும்பிப் பார்த்தேன். இடது கையின் கொப்புளம் உடைந்து பெருவிரலடியில் இரத்தம் வழிந்தது. வீட்டில் அளவுக்கு மிஞ்சிப் பழகியிருக்கிறாள்; எவருக்கும் காட்டவில்லை. நடையில் குனிந்து குச்சியை எடுக்க முடியாது. அவள் நிற்கவில்லை. அழவில்லை. காயப்பட்ட கையைத் தொடையோடு ஒட்டி வைத்துக்கொண்டு, மற்றக் கையால் முக்கியமான அடிகளை மட்டும் பொறுக்கி, கால் தவறாமல், அந்தப் பாட்டையும் அடுத்த பாட்டையும் வாசித்து முடித்தாள். மற்றவர்கள் முன்னால் பார்த்து நடந்தார்கள். குச்சி விழுந்த சத்தம் சிலருக்குக் கேட்டிருக்கலாம். மிச்சத்தைக் கண்டது நான் மட்டுந்தான்.

எல்லாம் முடிந்த பிறகு கடைத்தொகுதியின் கழிவறையில் கையைத் தண்ணீரில் பிடித்தபோதுதான் அவள் விம்மி விம்மி அழுதாள். "அக்கா, நான் பழுதாக்கிப் போட்டனே?" என்றாள்.

"இல்லையடி. நல்லாத்தான் செய்தனி" என்றேன். அது மனதிலிருந்து வந்த சொல். அந்தக் கணத்தில் அவளை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

அடுத்த சனிக்கிழமை பயிற்சி முடிந்ததும் ஹெலன் என்னைக் கார் நிறுத்துமிடத்துக்குத் தனியே கூப்பிட்டார். கௌரியின் கைகள் எப்போதோ தயார், அதில் தனக்குச் சந்தேகம் இல்லை என்றார். மூன்று நாள், வெயில், நடுவர்கள், வீட்டை விட்டு வெளியே. அதையெல்லாம் அவள் தாங்குவாளா என்பதுதான் கேள்வி. அன்றைக்கு அணிவகுப்பில் ஏதோ நடந்ததாமே? "நீதான் அவளுக்குப் பக்கத்தில் நின்றாய், உனக்குத்தான் அவளை நன்றாகத் தெரியும். நீ சொல்வதை வைத்தே முடிவு எடுக்கிறேன்" என்றார்.

எனக்கு முன்னால் இரண்டு பதில்கள் இருந்தன என்றும் நான் தவித்தேன் என்றும் எழுத ஆசையாக இருக்கிறது. உண்மையில் நான் தவிக்கவே இல்லை. பதில் வழுக்கிக்கொண்டு வந்தது. "குச்சியை விழுத்திப் போட்டாள். பிறகு கழிவறையில் நிறைய நேரம் அழுதாள். இன்னும் தயாரில்லை என்று நினைக்கிறேன்" என்றேன். சொன்ன எதுவும் பொய் இல்லை. நடுவில் இருந்ததை மட்டும் விட்டுவிட்டேன்.

ஹெலன் தலையாட்டினார். பிறகு என் தோளில் தட்டி, "சொன்னதற்கு நன்றி. நல்ல அக்கா" என்றார்.

அடுத்த கிழமை கௌரியிடம் 'அடுத்த வருடம்' என்று சொல்லப்பட்டது. அன்றைக்கு எங்களை ஏற்ற வந்த அப்பா, பின்கண்ணாடியில் அவளைப் பார்த்துவிட்டு, "அதுக்கென்ன பிள்ளை, அடுத்த வருசம் பாப்பம்" என்றார். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். வீட்டில், எங்கள் இருவரின் அறையில், கட்டிலில் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் இருந்துகொண்டு கேட்டாள்.

"ஹெலன் உன்னட்ட கேட்டவவாம். குச்சி விழுந்ததைச் சொன்னனியே?"

"ஓம்."

"மற்றக் கையால முடிச்சதையும் சொன்னனியே?"

அவள் முகத்தில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்பது மட்டும் இருந்தது. நான் 'இல்லை' என்று சொல்லியிருந்தால், அவள் என்னோடு சண்டை பிடித்திருப்பாள், அம்மாவிடம் ஓடியிருப்பாள், ஹெலனுக்குத் தானே சொல்லியிருப்பாள், போட்டிக்கும் வந்திருப்பாள்.

"ஓம், எல்லாம் சொன்னனான்" என்றேன்.

"அப்ப சரி" என்றாள் கௌரி. குனிந்து சப்பாத்தைக் கழற்றினாள்.

மூன்று சைட் டிரம்மோடுதான் போட்டிக்குப் போனோம். மூன்றாமிடம் கிடைத்தது. பஸ் திரும்பி வந்தபோது அம்மா அப்பாவோடு கௌரியும் மண்டப வாசலில் நின்றாள். என் கழுத்திலிருந்த பதக்கத்தைக் கையில் ஏந்திப் பார்த்து, "வடிவாயிருக்கு அக்கா" என்றாள். அதில் ஒரு சொட்டுப் பொறாமைகூட இருக்கவில்லை. அதுதான் என்னால் இன்றுவரை தாங்க முடியாதது.

அவள் ஒரே நாளில் நிறுத்தவில்லை. இரண்டு மாதம் வந்தாள், பிறகு ஒரு கிழமை விட்டு ஒரு கிழமை வந்தாள், பிறகு பரீட்சை, ரியூசன். "படிக்கிற பிள்ளை, தானாய் விளங்கிக்கொண்டிட்டாள்" என்று அம்மா அன்ரிமாரிடம் பெருமையாகச் சொன்னார். அடுத்த வருடம் ஹெலன் அவளைப் பற்றி விசாரித்தபோது, படிப்பில் மும்முரம் என்று சொன்னதும் நான்தான்.

கௌரி நன்றாகப் படித்தாள், மெல்பேர்னில் ஒரு பெரிய நிறுவனத்தில் கணக்காளராக இருக்கிறாள். ஆனால் அந்தப் போட்டிக்குப் பிறகு அவள் தன்னைப் பற்றிச் சொல்லும் வசனம் ஒன்று உண்டு. பாடசாலையில் விவாத அணிக்குத் தலைவியாக வரச் சொல்லிக் கேட்டபோது சொன்னாள். வெளிநாட்டில் ஒரு வருடம் படிக்க இடம் கிடைத்து, அதை வேண்டாம் என்று எழுதியபோது சொன்னாள். "நான் கடைசி நேரத்தில கை விடுற ஆள் அக்கா. எனக்குத் தெரியும்." ஒவ்வொரு முறையும் நான் கேட்டுக்கொண்டு நின்றேன்.

போன வருடம் வேலை விஷயமாக மெல்பேர்ன் போய் அவள் வீட்டில் தங்கினேன். தன் பிரிவுக்குப் பொறுப்பாக வரச் சொல்லி மேலிடம் கேட்டதாகவும் மறுத்துவிட்டதாகவும் தேநீர் ஊற்றிக்கொண்டே சொன்னாள். சொல்லிவிட்டு, அந்த வசனத்தையும் சொன்னாள். அப்போதுதான் என் வாய் திறந்தது. கார் நிறுத்துமிடத்தில் சொன்னதையும் சொல்லாமல் விட்டதையும், அறையில் வைத்துச் சொன்ன பொய்யையும் ஒன்றும் மறைக்காமல் சொன்னேன். தேநீர் ஆறிப்போயிற்று.

"எல்லாம் தெரிஞ்சும் ஹெலன் வேண்டாம் எண்டவ எண்டுதான் நான் நினைச்சனான்" என்றாள் கடைசியில். "எனக்குப் பன்னிரண்டு வயசு, அக்கா. நீ சொன்னதை நம்பினனான்."

மன்னிப்புக் கேட்டேன். "ம்" என்றாள். கோப்பைகளைக் கழுவி வைத்தாள். அடுத்த நாள் காலையில் என்னை விமான நிலையத்தில் இறக்கிவிட்டு, கையசைத்துவிட்டுப் போனாள்.

ஹெலன் நாலு வருடத்துக்கு முன் காலமாகிவிட்டார். அவரிடம் சொல்லும் வாய்ப்பு எனக்கு இனி இல்லை. குழு அதற்கு முன்னரே கலைந்துவிட்டது. பலகை மண்டபம் இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடிக் குடியிருப்பு நிற்கிறது. அம்மாவுக்குச் சாமான் வாங்க பென்டில் ஹில் போகும்போதெல்லாம் அதைக் கடந்துதான் போகிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் டூங்கபிக்குப் போவேன். கௌரி அன்றைக்குத்தான் அம்மாவோடு போனில் கதைப்பாள். அம்மாவுக்கு எங்களுக்குள் நடந்தது எதுவும் தெரியாது. போனை ஸ்பீக்கரில் போட்டு குசினி மேசையில் வைத்துவிட்டு, மரக்கறி வெட்டிக்கொண்டே கதைப்பார். போன கிழமையும், "அக்காவும் இஞ்சதான் நிக்கிறா, கதைக்கிறியே?" என்று கேட்டார்.

அம்மாவின் கத்தி பலகையில் தட்டிக்கொண்டிருந்தது.

"பிறகு எடுக்கிறன் எண்டு சொல்லுங்கோ அம்மா" என்றாள் கௌரி.