மூன்றாவது மாடியில் ஒற்றைக் கால்

மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்காதவர்தான் பெயின்டர். ஆனாலும் கையில் ஒரு பிரஷ்ஷோடு கிளம்பி, சொந்த வீடு, அதற்கு மேல் ஒரு மாடி, வாசலில் இரும்பு கேட் என்று வந்து நின்றார். யார் தயவும் இல்லை. இரண்டு காலும் ஓர் ஏணியும்தான்.

அந்தக் கால்களே எழுபது வயதில் அவரை வாரிவிட்டன. பேன்ட்டுக்குள் வலது காலை விட்டவர், இடது காலை விடுவதற்குள் அலமாரியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கீழே வந்தார். எலும்பு தப்பியது, ஏணி தப்பவில்லை. மனைவி அதைச் சங்கிலி போட்டுப் பூட்டி, சாவியைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

“பத்து எண்ணுற வரைக்கும் ஒத்தக் கால்ல நில்லுங்க. டீச்சர் சரின்னு சொல்லட்டும். அப்புறம் சாவி.”

டீச்சர் என்பவர், வயதான ஆண்களுக்கு ஆஸ்பத்திரிக் கூடத்தில் நடைப்பயிற்சி தரும் பெண். தரையில் ஒட்டிய நாடாமேல், குதிகாலை விரலோடு முட்டவைத்து அடி வைக்க வேண்டும். பெயின்டருக்குச் சிரிப்பு வந்தது.

“நாலு மாடி உயரத்துல ஒரே பலகைமேல நடந்தவன்மா நான்!” என்றவர், மூன்றாம் அடியில், தன் முறைக்காக நாற்காலியில் காத்திருந்த தையல்காரர் மடியில் போய் உட்கார்ந்தார்.

“அளவு எடுக்கணும்னா கடைக்கே வந்திருக்கலாமே, அண்ணே,” என்றார் தையல்காரர்.

“காலையே பாக்காதீங்க ஐயா, நேரா பாருங்க,” என்று டீச்சர் தினமும் சொல்லிப் பார்த்தார். ஒருமுறை கவிழ்த்த காலை எப்படி நம்புவது? வேலையாளைக் கண்காணிக்கும் மேஸ்திரி போலப் பெயின்டர் குனிந்தே நின்றார். வீட்டில் பாத்திரம் கழுவும் தொட்டியைப் பிடித்துக்கொண்டு பழகினால், “சும்மா நிக்கிறதுக்கு அந்த ரெண்டு தட்டைக் கழுவுங்களேன்,” என்றாள் மனைவி.

சோதனை நாள் வந்தது. மனைவி பையோடு கூடத்து வாசலருகே உட்கார்ந்திருந்தாள். பெயின்டர் காலைத் தூக்கினார்; “ரெண்டு” என்பதற்குள் சாய்ந்தார். மறுபடியும் அதே கதை. கடைசி வாய்ப்பு. கால் மேலே போனது, உடம்பு ஆடியது.

“நாலு மாடியெல்லாம் சும்மா அளப்புதான்போல,” என்றார் தையல்காரர்.

பெயின்டரின் தலை விருட்டென்று நிமிர்ந்தது.

“யாருய்யா அளக்கிறது? கேட்டுக்கோ! அன்னிக்குப் பேய்க்காத்து. மத்தவன்லாம் இறங்கி ஓடிட்டான். நான் ஒருத்தன்தான், இடுப்புல கயிறு, கையில வாளி…”

டீச்சர் பத்தைத் தாண்டி எண்ணி, பிறகு எண்ணுவதையே விட்டுவிட்டார்.

“போதும் ஐயா, பாஸ்! காலை இறக்குங்க.”

மனைவி பெருமூச்சோடு பைக்குள் சாவியைத் துழாவினாள்.

“இரும்மா,” என்றார் பெயின்டர், தையல்காரரை முறைத்தபடி, ஒற்றைக் காலிலேயே. “இப்பதான் மூணாவது மாடிக்கு வந்திருக்கேன்.”