ஒரே ஒரு சீட்டு

அந்தக் காரின் உள்ளே இருந்ததையெல்லாம் பிடுங்கிப் போட்டவள் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் எங்கள் தெருவில் இன்றைக்கும் கதையை வேறு மாதிரிதான் சொல்கிறார்கள். "அவ வூட்டுக்காரன் ரேஸ் வண்டி கட்டுனான்" என்கிறார்கள். என் வீட்டுக்காரர் நல்ல மனிதர். திருவொற்றியூர் கன்டெய்னர் யார்டில் வெல்டர். காருக்கு வெல்டிங் வைத்துக் கொடுத்தார், அவ்வளவுதான். கார் என்னுடையது, ஆசை என்னுடையது, கழற்றும்போது பெயர்ந்துபோன நகமும் என்னுடையது.

காசிமேட்டில் விடியற்காலை ஏலத்தில் மீன் எடுத்து, கொருக்குப்பேட்டை, புழல் பக்கத்து மெஸ்களுக்குக் கொண்டுபோய்ப் போடுவது என் தொழில். வருஷக்கணக்காக அந்தப் பழைய சின்னக் காரில்தான் ஓட்டம். ரயில்வே கேட் மூடுவதற்குள் தாண்ட வேண்டும், லாரிகளுக்கு நடுவே புகுந்து வர வேண்டும், ஐஸ் கரைவதற்குள் போய்ச் சேர வேண்டும். இதைவிடப் பெரிய பந்தயம் என்ன இருக்கிறது? ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருக்கும் ரேஸ் டிராக்கில் புதியவர்களுக்கு ஒரு போட்டி வைக்கிறார்கள், சொந்தக் காரையே கொண்டுவரலாம் என்று போனில் பார்த்ததும் என் பெயரைக் கொடுத்துவிட்டேன். வாழ்க்கையில் ஒரு தடவையாவது, எதிரே கன்டெய்னர் லாரி வராத ரோட்டில் காலை அழுத்தி ஓட்டிப் பார்க்க வேண்டும். என் ஆசை அவ்வளவுதான்.

மீன்பிடித் தடைக்காலம் வந்தது. படகுகள் கரையில் ஓய்ந்திருந்தன, என் காருக்கும் வேலையில்லை. தெருவோரம் நிறுத்திக் கழற்ற ஆரம்பித்தேன். பந்தயக் காருக்குள் ஓட்டுகிறவருக்கு வேண்டியதைத் தவிர வேறு எதுவும் இருக்கக் கூடாது. எடை குறைய வேண்டும், தீப்பிடிக்கிற சாமான் இருக்கக் கூடாது. பின் சீட், பக்கத்து சீட், கதவு அட்டை, கூரைத் துணி, கார்பெட், ரேடியோ, கதவுக் கண்ணாடி, எல்லாம் வெளியே வந்தன. பின் சீட்டை டீக்கடைக்காரர் தூக்கிக்கொண்டு போய்க் கடை வாசலில் பெஞ்சாகப் போட்டுக்கொண்டார். தெரு ஆம்பளைகள் அதில் வரிசையாக உட்கார்ந்து எனக்கு யோசனை சொன்னார்கள். என் சீட்டில் உட்கார்ந்துகொண்டு, எனக்கே!

"நல்லா ஓடிக்கினு இருந்த வண்டிய இப்டி கலீஜ் பண்ணிட்டியேமே" என்றார் டீக்கடைக்காரர்.

"ஒனக்குதான் ஓசியில சீட்டு கெட்ச்சிதே, மூடிக்கினு டீ ஆத்து" என்றேன்.

கார்பெட்டைத் தூக்கியதும் இத்தனை வருஷத்து மீன் தண்ணீரும் சேர்ந்து ஒரே நாளில் மணத்தது. அதற்குக் கீழே, சத்தம் வராமல் இருக்கத் தரையோடு ஒட்டியிருந்த தார் ஷீட். அதுதான் என் உயிரை வாங்கியது. உளியால் தட்டினால் பிசின் மாதிரி இழுத்தது. எரிச்சலில் துறைமுகத்துக்குப் போய் இரண்டு கூடை பொடி ஐஸ் கொண்டுவந்து கொட்டி, சாக்கைப் போட்டு மூடி வைத்தேன். கொஞ்ச நேரத்தில் தார் விறைத்துவிட்டது. சுத்தியலால் ஒரு போடு போட்டால் அப்பளம் மாதிரி உடைந்து வந்தது. கரைந்த தண்ணீர் போவதற்காகத் தரையில் இருந்த ரப்பர் மூடிகளைப் பிடுங்கிவிட்டேன். காருக்கு அடியில் அங்கங்கே அப்படி ஓட்டைகள் உண்டு, உள்ளே தண்ணீர் புகுந்தால் வடிந்து போக. எது எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.

துருப்பிடித்து ஓட்டையான இடத்தில் என் வீட்டுக்காரர் தகடு வைத்து அடைத்தார். வண்டி புரண்டால் கூரை நசுங்காமல் இருக்க உள்ளே இரும்புக் கூண்டும் கட்டினார். பழைய கதவு அட்டைக்குப் பதில் மெல்லிசாக ஏதாவது வேண்டியிருந்தது. அங்கேதான் என் அண்ணன் உள்ளே வந்தான். காசிமேட்டில் ஃபைபர் படகு கட்டுகிறவன். இரண்டு கதவுக்கு மட்டும் ஃபைபர் பலகை போட்டுத் தா என்று கேட்டேன். வண்டியைத் தன் கொட்டகைக்குக் கொண்டுபோனவன், சுற்றித் தார்ப்பாய் கட்டிவிட்டான்.

புதுப் படகு பூஜை போட்டு இறங்குகிறவரை பெண்கள் அதில் கால் வைக்கக் கூடாது என்பது அவன் கொட்டகை வழக்கம். படகுக்கு என்னவோ செய்துகொள்ளட்டும். இது என் கார்!

"பூச ஆவறவரிக்கும் உள்ள ஏறாதமே" என்றான்.

"இது படகாண்ணா? காருண்ணா. நான் ஓட்டப்போற காரு."

"எதுவா இருந்தா இன்னா? என் கொட்டாய்ல ஏறுனா என் மொறதான்."

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. வருஷக்கணக்காக உட்கார்ந்து நான் தேய்த்த கார், நான் பிரித்த கார், நான் கால் வைத்தால் தீட்டா? வீட்டுக்காரராவது எனக்காகப் பேசுவார் என்று பார்த்தால், "வுடுமே, மச்சான் கோச்சிக்குவாரு" என்றார். போட்டிக்கு முந்தின நாள் சாயங்காலம் பூஜை போட்டு, பூசணிக்காய் உடைத்து, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிய பிறகுதான் சாவி என் கைக்கு வந்தது. உள்ளே எட்டிப் பார்த்தேன். தரை முழுக்க வெள்ளை வெளேரென்று ஃபைபர். நான் கேட்கவேயில்லை. படகுத் தரை மாதிரி ஒரு பொட்டு இடுக்கு இல்லாமல் பூசி வைத்திருந்தான்.

"இதெல்லாம் யார் கேட்டாங்க?"

"அடியில அத்தினி ஓட்ட கீது, பாத்துகினு சும்மா இருக்க சொல்றியா? ரோட்டுல தண்ணி நின்னா இன்னா பண்ணுவ?" என்றான், பெருமையாக.

விடியற்காலையில் நான் காரிலும், பின்னால் பைக்கில் வீட்டுக்காரரும் அண்ணனுமாகப் போய்ச் சேர்ந்தோம். காரைப் பரிசோதனைக்கு வரிசையில் விட்டுவிட்டு ஹெல்மெட்டைக் காட்டப் போயிருந்த நேரத்தில் கோடை மழை கொட்டித் தீர்த்தது. திரும்பி வந்து பார்த்தால், கண்ணாடி இல்லாத கதவு வழியாக இறங்கிய மழை முழுதும் உள்ளே நின்றது. கணுக்கால் ஆழம். அண்ணன் போட்ட தரையிலிருந்து ஒரு சொட்டு வெளியே போகவில்லை.

பரிசோதனை அதிகாரி வந்தார். மூக்கைச் சுளித்தார். என் வீட்டுக்காரரைப் பார்த்து, "சார், டிரைவர் நீங்கதானே? இது காரா, மீன் தொட்டியா?" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

"டிரைவர் நான்" என்றேன்.

என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு மறுபடி என் வீட்டுக்காரரிடமே திரும்பினார். "வரிசை முடியறதுக்குள்ள தரை காயணும் சார். இல்லேன்னா வண்டி ஓடாது."

அண்ணன் மக்கை எடுத்து மொண்டு ஊற்ற ஆரம்பித்தான். படகில் தண்ணீர் ஏறினால் அதுதானே பழக்கம். மொள்ள மொள்ள மழை தூறிக்கொண்டே இருந்தது. எங்களுக்கு முன்னால் இருந்த கார்கள் ஒவ்வொன்றாக நகர்ந்தன. டூல் பையிலிருந்து சுத்தியலையும் உளியையும் எடுத்தேன். அண்ணன் கதவை மறித்துக்கொண்டு நின்றான்.

"அடியில ஓட்ட போடாதமே. ஆவாது. நான் போட்ட தரையில எவனும் ஓட்ட போட்டதில்ல."

இத்தனை நாள் அடக்கி வைத்தது அங்கே வெடித்தது. "நான் கேட்டது கதவுக்குப் பலகை. நீ தொட்டி கட்டி வெச்சிருக்க. என்னை ஏற வுட்டிருந்தா அன்னிக்கே பாத்திருப்பேன். பொம்பள கால் பட்டா ஆவாதுன்ன. இப்ப இன்னா ஆச்சி? தள்ளு!"

அவன் தள்ளவில்லை. நான் தள்ளினேன். ஷூவோடு தண்ணீரில் இறங்கி, குனிந்து, கையால் தடவினேன். டிரைவர் சீட்டுக்குப் பின்னால், ஒரு சாண் இடப்பக்கம். உளியை வைத்து ஓங்கி ஒரு போடு. ஃபைபர் பிளந்தது. தண்ணீர் சுழித்துக்கொண்டு இறங்கியது. எனக்கு அழுகை வந்தது. கோபத்தில் வந்த அழுகைதான். துணியைப் போட்டுத் துடைத்து முடிக்கவும் அதிகாரி வரவும் சரியாக இருந்தது. கூண்டை ஆட்டிப் பார்த்தார், பெல்ட்டை இழுத்துப் பார்த்தார், ஸ்டிக்கரை ஒட்டினார். "ஆல் த பெஸ்ட் சார்" என்றார். யாரிடம் என்று சொல்லவும் வேண்டுமா?

ஓட்டினேன். எதிரே லாரி வரவில்லை, கேட் மூடவில்லை, யாரும் ஹாரன் அடிக்கவில்லை. முதல் சுற்றில் ஹெல்மெட்டுக்குள் சத்தம் போட்டுச் சிரித்தேன். ஜெயிக்கவில்லை, கடைசியாகவும் வரவில்லை. வரிசையில் நின்று சிரித்தவர்களில் இரண்டு பேர் எனக்குப் பின்னால் வந்தார்கள். அது போதும். வண்டியை நிறுத்தியதும் ஒருவர் ஓடிவந்து என் வீட்டுக்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். பாவம், அவர் "நான் இல்ல சார், அவங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

திரும்பும்போது மறுபடி மழை பிடித்துக்கொண்டது. பைக்கில் பின்னால் உட்கார்ந்து நனைந்து நடுங்கிய அண்ணன், சிக்னலில் கைகாட்டி ஓடிவந்தான்.

"ஏறிக்கவாமே?"

"எங்க ஏறுவ? சீட்டு ஒண்ணுதான் கீது."

பின்னால் ஏறி, கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தரையில் குந்தினான். ரோட்டில் நின்ற தண்ணீர் நான் போட்ட ஓட்டை வழியாகச் சரேலென்று அவன்மேல் அடித்தது. "நான் அப்பவே சொன்னேன்" என்று வாயைத் திறப்பான் என்று கண்ணாடியில் பார்த்தேன். அவன் குதிகாலால் ஓட்டையை அழுத்தி மூடிக்கொண்டான்.

புழல் பக்கம் போலீஸ்காரர் ஒருவர் நிறுத்தினார். ஜன்னல் வழியாகக் கூண்டைப் பார்த்தார், என்னைத் தாண்டிப் பின்னால் பார்த்தார். "என்ன வண்டி இது? நீதான் ரேஸ் ஓட்டுறவனா?" என்று அண்ணனைக் கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவன் முந்திக்கொண்டான். "சார், சீட்டு ஒண்ணுதான் கீது. அதுல யாரு குந்திகினு கீறாங்கன்னு பாருங்க."

போலீஸ்காரர் பார்த்தார். நான் கியரைப் போட்டேன். காசிமேடு வரும்வரை அண்ணன் அந்த ஓட்டையிலிருந்து காலை எடுக்கவில்லை.