ஐந்தாவது வார்த்தை

மாமல்லபுரத்தில் சிற்பப் பட்டறைகளை ஒட்டி இருக்கிறது எங்கள் கோயில். ஜெபத்துக்குக் கண்ணை மூடினால் கல் அறுக்கிற மெஷினின் சத்தம்தான் முதலில் காதில் விழும். பழகிவிட்டது. இப்போதெல்லாம் மெஷின் நின்றால்தான் திடுக்கிட்டுக் கண்ணைத் திறக்கிறோம்.

பெரிய வெள்ளியன்று எங்களுக்கு மும்மணி ஆராதனை, மதியம் பன்னிரண்டிலிருந்து மூன்று மணி வரை. சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளை ஏழு பேர் எடுத்துப் பேசுவார்கள், முடிந்ததும் கஞ்சியும் துவையலும். ஆளுக்கு இவ்வளவு நேரம் என்று பேச்சு. அதை மதித்தவர் என்று எனக்குத் தெரிந்து யாரும் இல்லை. மைக் கைக்கு வந்துவிட்டால் எங்கள் பெரியவர்களுக்குக் கடிகாரம் கண்ணில் படாது. அதுவரை பேசியவர்கள் எல்லோரும் ஆண்கள். ஏழாவது வார்த்தை எப்போதும் ஆயருக்கு.

அந்த வருஷம் ஐந்தாவது வார்த்தை எனக்கு வந்தது. இயேசு தாகம் என்று சொன்ன வார்த்தை.

நான் அப்போது கோயிலையே விட்டுவிடுவது என்ற முடிவில் இருந்தேன். செங்கல்பட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் வயிற்றில் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்திருந்தேன். பார்க்க வந்த சபை சகோதரி ஒருவர் கட்டில் ஓரமாக உட்கார்ந்து, எனக்கென்று வாங்கி வந்த ஆரஞ்சைத் தானே உரித்துச் சாப்பிட்டபடி, "மறைவா ஏதாவது பாவம் இருந்தா அறிக்கை பண்ணிடுங்க சிஸ்டர், சொகமாயிடும்" என்றார். அடுத்து வந்தவர்களும் அதையே கொஞ்சம் மாற்றிச் சொன்னார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மறைமலைநகர்ப் பக்கம் பாட்டைத் திரையில் காட்டுகிற பெரிய சபை ஒன்று இருக்கிறது. அங்கே போனால் யார் வந்தார், யார் வரவில்லை என்று ஒருவருக்கும் தெரியாது. ஈஸ்டருக்கு அங்கே போய்விடுவது என்று மனதுக்குள் முடித்துவிட்டேன்.

இந்த நிலைமையில்தான் ஆயர் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். காபி குடித்தார். டம்ளரைத் தானே கழுவிக் கவிழ்த்தார். "அஞ்சாவது வார்த்தைய நீங்க பேசணும் சிஸ்டர்" என்றார். நான் முடியாது என்றேன். "சரி, யோசிங்க" என்று கிளம்பிவிட்டார். யோசித்தேன். போகிற போக்கில் இவர்களை நாலு கேள்வி கேட்டுவிட்டுப் போனால் என்ன என்று தோன்றியது. ஒத்துக்கொண்டேன்.

அன்றைக்கு நல்ல வெயில். கஞ்சி காய்ச்சுகிற அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை. ஒவ்வொரு பேச்சுக்கு நடுவிலும் ஆயரே எழுந்து, அங்கியின் கையைச் சுருட்டிக்கொண்டு பின்பக்கம் போய்க் கிண்டிவிட்டு வந்தார். நான்காவது வார்த்தை பேசிய பெரியவர் ஏதேன் தோட்டத்தில் ஆரம்பித்தார். அவர் நோவாவை எட்டும்போதே குழந்தைகள் பாயில் தூங்கிவிட்டார்கள். ஒருவழியாக ஆமென் சொன்னபோது, சபைச் செயலாளர் குனிந்தபடி என்னிடம் வந்தார்.

"மணி இன்னா ஆவுதுன்னு பாத்தீங்களா சிஸ்டர்? ஜனங்க பசியில கீது. உங்களத அடுத்த வருஷம் வச்சிக்கலாம்."

எனக்கு ஏது அடுத்த வருஷம்? கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். அப்போது கஞ்சிப் பானையிலிருந்து நேராக வந்த ஆயர் காதில் அது விழுந்துவிட்டது.

"அண்ணே, ஏழாவது என்னுதுதான? அந்த நேரத்த சிஸ்டருக்குக் குடுத்துடுங்க."

"நீங்க பேசலன்னா எப்டி ஐயா?"

"வசனத்தப் படிச்சி ஜெபம் பண்ணிடறேன். அது போதும்."

சொல்லிவிட்டு, தன் நாற்காலிக்குப் போகாமல், முன்னால் பாயில் குழந்தைகளோடு சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

கேள்வியெல்லாம் நாக்கு நுனியில் வைத்திருந்தேன். அவர் கீழே உட்கார்ந்து அண்ணாந்து பார்த்ததில் ஒன்றுகூட வரவில்லை. நடந்ததைத்தான் சொன்னேன். ஆபரேஷன் முடிந்து தண்ணீர் தரக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பக்கத்துக் கட்டிலில் இருந்தவருக்குத் துணையாக, பஜாரில் துணிக்கடை வைத்திருக்கிற பாய் வீட்டம்மா ஒருவர் இருந்தார். நர்சைக் கேட்டுவிட்டு, பஞ்சை நனைத்து என் உதட்டில் ஒற்றினார். விடியும்வரை ஒற்றினார். எனக்கு ஏன் இந்த வியாதி வந்தது என்று அவர் கேட்கவே இல்லை.

அதற்குமேல் பேச முடியாமல் அழுதுவிட்டேன். எங்கள் கோயிலில் பேசுகிறவர் தடுமாறினால் உடனே கீபோர்டைத் தட்டிப் பாட்டை ஆரம்பித்துவிடுவார்கள். பாட்டு முடியும்போது பேச்சும் முடிந்ததாக ஆகிவிடும், பேசியவர் போய் உட்கார வேண்டியதுதான். கீபோர்டுக்காரர் கை வைத்தார். ஆயர் திரும்பிப் பார்க்காமலே கையை உயர்த்தித் தடுத்தார். நான் அழுது முடிக்கிறவரை மொத்த சபையும் பசியோடு காத்திருந்தது.

மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னேன்: "அன்னிக்கி அங்க எனக்குத் தண்ணி கெடச்சுது. இங்க வந்தப்பறம்தான் தாகம் எடுத்துது."

போய் உட்கார்ந்தேன். மனசு லேசாக இருந்தது. ஆறாவது பேசியவர் புண்ணியவான், சட்டென்று முடித்தார். ஆயர் வசனத்தைப் படித்தார், ஜெபம் செய்தார், நேராகக் கரண்டியை எடுக்கப் போய்விட்டார். ஆரஞ்சு சகோதரி கண் சிவந்து வந்து என் பக்கத்தில் நின்றார். என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு இன்னும் கோபம் இருந்தது. ஆனாலும் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

கஞ்சி வாங்கும்போது ஆயரிடம் கேட்டேன்: "எவ்ளோ தயார் பண்ணியிருப்பீங்க ஐயா, பேசவே இல்லையே?"

"எனக்கு இன்னா, அடுத்த வருஷமும் பெரிய வெள்ளி வரும்" என்று ஊற்றிக்கொண்டே சொன்னார். "நீங்க இன்னிக்கி பேசலன்னா, ஈஸ்டருக்கு இங்க இருந்திருக்க மாட்டீங்க சிஸ்டர்."

அதை நான் என் வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லியிருக்கவில்லை.