காயும் கல்

“தலை காஞ்சிருக்கா?”

நான் பெட்டிப் பூட்டை நீட்டினேன். மீரான் சாகிபு பூட்டைப் பார்க்கவில்லை. புறங்கையை என் பின்கழுத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, “ஊருணிக் குளிப்பு. அங்குட்டு உக்காருங்க” என்றார்.

அங்குட்டு என்றால் பட்டறைக்கு எதிரே இளவெயிலில் கிடக்கும் கருங்கல். காரைக்குடியில் அதற்குக் காயும் கல் என்றே பெயர். பூட்டு ரிப்பேருக்கு வந்தவர்கள் அதில் உட்கார்ந்து காய்ந்து, ஊர் வம்பெல்லாம் பேசி முடித்த பிறகுதான் வாசலிலுள்ள சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டலாம்.

சாகிபின் தொழில் பூட்டுக்கு வில் போடுவது. செட்டிமார் வீட்டுப் பெரிய பூட்டுகளில் சாவியைத் திருகியதும் உள்ளே துள்ளுகிறதே, அந்த எஃகுப் பட்டைதான் வில். பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கிய எஃகு, தொட்டால் ஒடிகிற முரட்டுக் குணத்தோடு இருக்கும். அதை நன்றாகத் துடைத்து, உருகிய வெடியுப்பில் சற்று நேரம் கிடத்தி எடுத்தால் நீலம் பாய்ந்து சாதுவாகிவிடும். வளைத்தால் வளையும், விட்டால் நிமிரும். இரும்புச் சட்டியில் உருகிய உப்பு தண்ணீரைப் போலத்தான் தெளிந்து நிற்கிறது. ஆனால் நிஜத் தண்ணீர் ஒரு சொட்டு அதற்குள் போனால் போதும், சட்டியே வெடித்துச் சிதறும். ரங்கூனில் வேலை பார்த்த பட்டறையில் எவனோ ஈரக் குறடை உள்ளே விட்டான். சாகிபின் இடது புருவம் அன்று போனது, இன்றுவரை திரும்பவில்லை.

அதிலிருந்து உலகம் அவருக்கு இரண்டே வகை: காய்ந்தது, காயாதது. ஈரக் குடுமியோடு வந்த குருக்களும் கல்லில் உட்கார்ந்திருக்கிறார். வேர்த்து வந்த மிராசுதாரும் உட்கார்ந்திருக்கிறார். கீரைக்காரி மலையம்மாள் தண்ணீர் சொட்டும் கூடையோடு அந்த வாசலைக் கடக்கும்போது தெருவின் மறு ஓரத்துக்குப் போய்விடுவாள். தொழுகைக்குக் கைகால் கழுவிய சாகிபு, காய்ந்து வருவதற்காகப் பள்ளிவாசலிலிருந்து சுற்று வழியாகத்தான் திரும்புவார். ஐப்பசியில் ஊரே மழைக்கு ஏங்கி அண்ணாந்து பார்க்கையில், இவரும் பார்ப்பார், கடன்காரனைப் பார்ப்பது போல.

இப்படிப்பட்ட மனிதருக்குக் கல்யாணமாகி வெகுகாலம் கழித்து ஒரு பெண் குழந்தை பிறந்தது. ராபியா என்று பெயர். பல் முளைக்கிற பருவம். மேலே ஒழுகும், கீழேயும் ஒழுகும். பட்டறைக்குப் பின்னால்தான் வீடு. சாகிபு பட்டறைக் கோட்டுக்கு உட்புறம் நின்று நாக்கைச் சொடுக்கிக் கொஞ்சுவார், தூக்க மாட்டார். “இவ காயவே மாட்டேங்குறாளே” என்று என்னிடம் ஒருநாள் உண்மையான துக்கத்தோடு சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்தது, பாவமாகவும் இருந்தது.

அவர் மனைவி அஜீஸாவுக்குச் சிரிப்பு வரவில்லை. குழந்தையைத் தூக்காத மனிதரோடு குடித்தனம் இல்லை, நாச்சியாபுரத்து அண்ணன் வீட்டுக்கே போய்விடுவதாகத் தெருவுக்கே கேட்கும்படி சொல்லியிருந்தாள்.

இன்று நான் கல்லில் காய்ந்துகொண்டிருக்கையில், மாட்டுவண்டி வந்து நின்றது. அஜீஸா மூட்டையை வண்டியில் ஏற்றினாள். பிறகு குளிப்பாட்டித் தலை துவட்டாத ராபியாவைக் கொண்டுவந்து என் பக்கத்தில் கல்லில் உட்கார வைத்தாள்.

“எல்லாரையும் காய வச்சுத்தானே உள்ள விடுறீக? ஒங்க மகளும் காயட்டும். காஞ்சப்பறம் தூக்குறீகளா, நான் கூட்டிட்டுப் போயிரவா?”

உள்ளே ஒரு வில் உப்பில் கிடந்தது. மறுநாள் கல்யாணம் வைத்திருந்த செட்டியார் வீட்டு நகைப் பெட்டகத்துப் பூட்டுக்கானது. கணக்கப்பிள்ளை நாச்சியப்பன் அதற்காக நோயாளியின் தலைமாட்டில் நிற்கிறாற்போல் நின்றார். சாகிபு சட்டியைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். ராபியா அவரைப் பார்த்துச் சிரித்ததில் எச்சில் நூலாக இறங்கியது.

சாகிபு குறடைக் கீழே வைத்தார். கோட்டைத் தாண்டி வந்து அவளைத் தூக்கினார். அவள் உடனே அவர் வலது தோளைக் கடித்து நனைத்தாள். சட்டையின் முன்புறத்தை வேறு வகையில் நனைத்தாள். அஜீஸா முக்காட்டை இழுத்து வாயை மூடிக்கொண்டாள்.

“சாயபு, வில்லு உள்ள கெடக்கு” என்று நாச்சியப்பன் பதறினார்.

“கெடக்கட்டும். உப்பு சூட்ட ஒரே மாதிரி வச்சிருக்கும், வில்லு கெடாது. நான் ஈரமா இருக்கேன், காஞ்சுட்டு வாரேன்” என்று சொல்லி, சாகிபு மகளை இடது தோளுக்கு மாற்றிக்கொண்டு என் பக்கத்தில் கல்லில் உட்கார்ந்தார்.

வண்டிக்காரன் மாட்டை அவிழ்த்துவிட்டான். வெயில் ஏறியது. நாச்சியப்பன் இரண்டு தடவை வந்து சாகிபின் வலது தோளைத் தொட்டுப் பார்த்து, காய்ந்துவிட்டது என்றார். சாகிபு தாமும் தொட்டுப் பார்த்தார். பிறகு இடது தோளில் கிடந்த ராபியாவை எடுத்து, மெதுவாக அந்த வலது தோளிலேயே சாய்த்துக்கொண்டார்.