தங்கச்சி பாட்டில் விழுந்த டிக் சத்தம்

என் தங்கச்சிக்குக் கழுத்தில் தைராய்டு கட்டி. வேலூரில் ஆபரேஷனுக்குத் தேதி குறித்தபோது டாக்டர் ஒன்றைச் சொல்லி அனுப்பினார். கட்டிக்குப் பக்கத்திலேயே குரலுக்குப் போகிற நரம்பு ஓடுகிறதாம். கவனமாகத்தான் செய்வார்களாம். ஆனாலும் சிலருக்குக் கொஞ்ச நாள் குரல் வராது, எப்போதாவது ஒருவருக்குப் பழையபடி வராமலே போவதும் உண்டு, ஆபரேஷன் வரை தொண்டைக்கு அதிகம் வேலை கொடுக்காதே என்றாராம். மலைக்குத் திரும்பிய அன்றே எனக்கு போன் செய்தாள்.

"ண்ணா, உன் லேப்டாப்ப எடுத்துக்னு ரெண்டு நாள் வூட்டுக்கு வர்றியா? அஞ்சு பாட்டு ரெக்கார்டு பண்ணணும்."

அவள் புதூர்நாட்டுப் பக்கம் ஒரு மலை ஊரில் அங்கன்வாடி டீச்சர். நான் பல வருஷமாகக் கீழே சந்தவாசலில் இருக்கிறேன். திருவிழா, கல்யாணம் என்று ஊர் ஊராகப் போகும் ஒரு மெல்லிசைக் குழுவில் ரிதம் பேடு வாசிக்கிறவன். இத்தனை வருஷத்தில் அவளுடைய அங்கன்வாடிக்குள் ஒரு நாள்கூடக் கால் வைத்ததில்லை. வீட்டுக்குப் போவேன், சாமைச் சோறு சாப்பிடுவேன், தூங்குவேன், வந்துவிடுவேன்.

ஜமுனாமரத்தூர் வரை பஸ். அங்கிருந்து தங்கச்சி வீட்டுக்காரர் ஜீப்பில் கூட்டிப் போனார். ஆபரேஷனுக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. மறுநாள் காலையிலேயே உள் அறையில் கம்பளி விரித்து, ஜன்னலை அடைத்து, மைக்கை நிறுத்தினேன். லேப்டாப்புக்கும் மைக்குக்கும் நடுவில் சவுண்ட் கார்டு என்று ஒரு சின்னப் பெட்டி உண்டு. அதையும் மாட்டினேன். அவள் தலை வாரி, பொட்டு வைத்து, போட்டோ எடுக்கப் போகிறவள் மாதிரி வந்து உட்கார்ந்தாள்.

"நான் இல்லாத நாள்ல ஆயா இத போட்டு வுட்டா, புள்ளைங்க அழாம குந்தும். அதுக்குத்தான்."

அதற்கு மட்டும்தான் என்றால் இத்தனை அவசரம் ஏன் என்று நான் கேட்கவில்லை. ஹெட்போனை எடுத்து மாட்டப் போன நேரத்தில் அவளே கேட்டாள். "கொரலு இல்லாத டீச்சர, புள்ளைங்க டீச்சர்னு கூப்புடுமாண்ணா?"

"நீ வாய மூடிக்னு இருந்தா உன் வூட்டுக்காரரு எனக்கு விருந்தே வைப்பாரு" என்று எதையோ உளறினேன். சிரித்தாள். ரெக்கார்ட் பட்டனைத் தட்டினேன்.

முதல் பாட்டு நன்றாகப் பாடினாள். திருப்பிப் போட்டுக் கேட்டால், குரலுக்கு நடுவே டிக், டிக், டப். சோளம் பொரிகிற மாதிரி. ஓரிடத்தில் இரண்டு, ஓரிடத்தில் ஐந்து. ஒழுங்கில்லாமல் வந்தால்தான் கண்டுபிடிப்பது கஷ்டம். கேபிளைக் கழற்றி மாட்டினேன். இன்னொரு கேபிள் போட்டேன். வேறு ஓட்டையில் செருகினேன். மறுபடி பாடச் சொன்னேன். மறுபடி டிக்.

எனக்கு ஒரு கெட்ட பழக்கம். மேடையில் எது சரியில்லாமல் போனாலும் முதலில் பாடகரைத்தான் பார்ப்பேன். அங்கேயும் அதைத்தான் செய்தேன். வளையல் இடிக்கிறது என்றேன், கழற்றி வைத்தாள். தாலிச் சங்கிலி சத்தம் போடுகிறது என்றேன், ஜாக்கெட்டுக்குள் போட்டுக்கொண்டாள். "பா, பான்னு ஊதற நீ, அதான் டப்புனு அடிக்குது" என்று சொல்லி, டீ வடிகட்டியில் வேட்டித் துணியைக் கட்டி மைக்குக்கு முன்னால் தொங்கவிட்டேன். டப் குறைந்தது. டிக் அப்படியே இருந்தது.

"ஆடாம குந்துறியா நீ? மூச்சு வாங்கற சத்தமெல்லாம் வுழுது."

"குந்திக்னுதானே இருக்கறேன்."

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்திருந்தால் நான் அடங்கியிருப்பேன். மத்தியானத்துக்குள் அந்த ஐந்து பாட்டையும் எத்தனை முறை பாட வைத்தேன் என்று இப்போது நினைத்தால் என்னையே இரண்டு அறை அறையலாம் போல இருக்கிறது. தொண்டைக்கு வேலை கொடுக்காதே என்று டாக்டர் சொல்லியனுப்பியது எனக்குத் தெரியாதா என்ன? தெரியும். இது ஒன்று மட்டும், இது ஒன்று மட்டும் என்றே நாள் போய்விட்டது.

சாயங்காலம்தான் புத்தி லேப்டாப் பக்கம் திரும்பியது. பஃபர் என்று ஓர் அளவு அதில் உண்டு. மைக்கில் வருகிற சத்தத்தை லேப்டாப் சிறிது சிறிதாக மொண்டு உள்ளே ஊற்றிக்கொள்கிறது. எவ்வளவு பெரிய பாத்திரத்தில் மொள்ளுவது என்பதுதான் அந்த அளவு. மேடையில் பேடைத் தட்டிய கணமே லேப்டாப்பிலிருந்து சத்தம் வெளியே வர வேண்டும். அதனால் எங்களைப் போன்றவர்கள் அதை டம்ளர் அளவுக்குச் சின்னதாக வைத்திருப்போம். டம்ளரில் மொண்டால் ஓட்டமாக ஓட வேண்டும். ஓடுகிறவன் ஒரு கணம் வேறு பக்கம் திரும்பினால் சத்தத்தில் ஓட்டை விழும். அந்த ஓட்டைதான் டிக். கச்சேரிக்கு வைத்த அளவை மாற்றாமலே நான் தங்கச்சியைப் பாட வைத்துக்கொண்டிருந்தேன்.

அதைக் குடம் அளவுக்குப் பெரிதாக்கி, மைக்கில் பேசிப் பார்த்தேன். முக்கால்வாசி நின்றது. மீதி ஏன் நிற்கவில்லை என்று தேடியதில் இன்னும் இரண்டு அகப்பட்டன. மலையில் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. அதனால் வந்து இறங்கியதுமே நான் லேப்டாப்பை பேட்டரி மிச்சம் பிடிக்கிற நிலையில் வைத்துவிட்டேன். அதில் லேப்டாப் அரைத் தூக்கத்தில்தான் வேலை செய்யும். அதோடு வைஃபையை அணைக்காமல் விட்டிருந்தேன். அந்த வீட்டில் கிடைக்காத நெட்வொர்க்கை அது நிமிஷத்துக்கு நிமிஷம் தேடிக்கொண்டே இருந்திருக்கிறது. இரண்டையும் மாற்றிவிட்டு, பத்து நிமிஷம் நானே என்னமோ பாடி ரெக்கார்ட் செய்து பார்த்தேன். ஒரு டிக் இல்லை.

"வாம்மா, சரியாய்டுச்சு" என்று கூப்பிட்டேன்.

வந்து உட்கார்ந்து வாயைத் திறந்தாள். குரல் இரண்டாய்ப் பிளந்து வந்தது. இருமினாள். சுடுதண்ணி குடித்துவிட்டு மறுபடி முயன்றாள். மேலே ஏறவேயில்லை. அவள் வீட்டுக்காரர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஹெட்போனைக் கழற்றிக் கீழே வைத்தேன். வளையல் மேல் பழி, சங்கிலி மேல் பழி, மூச்சு மேல் பழி. தப்பெல்லாம் என் மடியில் இருந்தது.

மறுநாளும் குரல் தேறவில்லை. அதற்கு அடுத்த நாள் வேலூருக்குக் கிளம்பியாக வேண்டும். "இருக்கறத வெச்சு சரி பண்ணிக்கலாம்ணா" என்று கரகரத்த குரலில் அவள்தான் எனக்குத் தைரியம் சொன்னாள்.

இருந்தது டிக் விழுந்த பழைய பாட்டுகள்தான். அவற்றைக் கையால் சுத்தம் செய்வது என்று முடிவு செய்தேன். திரையில் பாட்டைப் பெரிதாக்கிப் பார்த்தால் குரல் அலை அலையாகத் தெரியும். டிக் விழுந்த இடம் ஊசி குத்தி நிற்கிற மாதிரி இருக்கும். ஒவ்வொரு ஊசியாகத் தேடிப் பிடுங்க வேண்டும். ஆஸ்பத்திரி வராந்தாவில், அவளை உள்ளே கொண்டுபோன நேரத்திலும், வெளியே கொண்டுவந்து படுக்க வைத்த பிறகும், மூன்று நாள் அதையேதான் செய்தேன். வேறு எதைச் செய்திருந்தாலும் அழுதிருப்பேன். ஒவ்வொரு வரி முடியும் இடத்திலும் தவறாமல் ஓர் ஊசி நின்றது. என்ன கண்றாவி இது, கணக்கு வைத்து விழுகிறதே என்று திட்டிக்கொண்டே அதையும் பிடுங்கினேன். முடித்ததும், என் முட்டாள்தனத்துக்குச் சாட்சி வேண்டாம் என்று பழைய பாட்டுகளை ஒன்று விடாமல் அழித்துவிட்டேன்.

கட்டி கெட்டது இல்லை என்று சொன்னார்கள். அந்த மட்டும் நிம்மதி. ஆனால் குரல் வரவில்லை. வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. நரம்பு அறுபடவில்லை, அசந்திருக்கிறது, வாரக்கணக்கிலும் ஆகலாம், மாதக்கணக்கிலும் ஆகலாம், பொறுத்திருங்கள் என்றார் டாக்டர். அவள் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். ஜீப்பில் மலை ஏறும்போது வழி நெடுக ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

இரண்டு நாள் கழித்து, ஒரு ஸ்பீக்கரை எடுத்துக்கொண்டு முதல் முறையாக அவளுடைய அங்கன்வாடிக்குப் போனேன். பாய் விரித்து, பதினைந்து பிள்ளைகள் இருக்கும், சத்துமாவு உருண்டையை மூக்கிலும் வாயிலுமாகத் தின்றுகொண்டிருந்தார்கள். சமைக்கிற ஆயா, நடுத்தர வயது, எனக்கு ஒரு நாற்காலி போட்டார். டீச்சர் பாட்டு என்று சொன்னதும் எல்லாரும் நிமிர்ந்தார்கள். தட்டிவிட்டேன். தண்ணீர் போலச் சுத்தமான குரல். எனக்கே பெருமையாக இருந்தது.

முதல் வரி முடிந்தது. பிள்ளைகள் வாயைத் திறந்து எதற்கோ தயாரானார்கள். இரண்டாவது வரி வந்துவிட்டது. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மூன்றாவது வரியில் ஒரு பெண் குழந்தை எழுந்து வந்து ஸ்பீக்கரைக் கையால் தட்டிப் பார்த்தாள். நாலாவது வரியில் யாரும் கேட்கவில்லை, உருண்டைக்குத் திரும்பிவிட்டார்கள்.

"இன்னாங்க, பாட்டு புடிக்கலையா இதுங்களுக்கு?"

ஆயா கொஞ்சம் தயங்கிச் சொன்னார். "பாட்டு அதுதாங்க. டீச்சர் போடற டொக்கு வரல."

"இன்னா டொக்கு?"

அவர் நாக்கை மேலே ஒட்டி, டொக் என்று விட்டுக் காட்டினார். ஏரில் கட்டிய மாட்டை அதட்டாமல் நகர்த்த எங்கள் மலையில் எல்லாரும் போடுகிற சத்தம். நடக்கத் தெரியாத குழந்தைக்கும் தெரியும். டீச்சர் ஒவ்வொரு வரியின் கடைசியிலும் அப்படி ஒரு டொக்குப் போடுவாராம். உடனே பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து இரண்டு டொக்குப் போட்டால்தான் அடுத்த வரிக்குப் போவாராம்.

வரிக்கு வரி கணக்காக நின்ற ஊசி. மூன்று நாள் உட்கார்ந்து நான் பிடுங்கிப் போட்டது. அவள் பாடும்போதெல்லாம் என் கண் திரையில்தான் இருந்தது, ஹெட்போனில் அதுவும் இன்னொரு டிக்காகத்தான் கேட்டது. தாளம் போட்டு வயிறு வளர்க்கிறவன், தங்கச்சி போட்ட தாளத்தைக் குப்பை என்று கூட்டித் தள்ளியிருக்கிறேன். திருப்பி வைக்கலாம் என்றால் பழையதையும் அழித்தாயிற்று.

வீட்டுக்குப் போய் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மறைக்கத் தோன்றவில்லை. சொல்லி முடிக்கும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தோள் குலுங்கியது. சத்தமே இல்லாமல், கழுத்தில் தையல் போட்ட இடத்தைக் கையால் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எழுந்து போய்ச் சேலையை மாற்றிக்கொண்டு வந்தாள். "எங்கம்மா கெளம்பிட்ட?" என்றேன். உதட்டை மட்டும் அசைத்தாள். 'வா' என்றது புரிந்தது.

அங்கன்வாடி வாசலுக்கு வெளியே சுவரோரமாக அவள் நின்றுகொண்டாள். நான் மட்டும் உள்ளே போய் ஸ்பீக்கரைத் தட்டினேன். பிள்ளைகள் என்னைப் பார்த்ததும் சலித்துக்கொண்டார்கள். முதல் வரி முடிந்தது.

வெளியே இருந்து டொக் என்று ஒரு சத்தம்.

பதினைந்து தலையும் வாசல் பக்கம் திரும்பியது. யாரும் அவளை இன்னும் பார்க்கவில்லை. ஆனாலும் ஸ்பீக்கரைத் தட்டிப் பார்த்த அதே பெண் குழந்தை பாயை விட்டு எழுந்து வாசலைப் பார்த்து ஓடினாள். "டீச்சர்" என்று கூப்பிட்டுக்கொண்டே ஓடினாள்.